டாக்டர் வெளியே வந்து கேட்டால்

செல்வி,

இந்தக் கடிதத்தை முதலில் வாசலில் நாற்காலி போட்டு ஆரம்பித்தேன். சரிப்படவில்லை. பிறகு கட்டிலில் உட்கார்ந்து பார்த்தேன், பிறகு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனேன். எங்கே உட்கார்ந்தாலும் கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடத் தோன்றுகிறது. இப்போது சமையல்கட்டு மேடையில் தாளை வைத்து நின்றபடியே எழுதுகிறேன். உன் அம்மா குழம்பைக் கிண்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். "பஸ்ஸு இன்னும் எடுக்கலியா, இன்னா நின்னுக்கினே இருக்கீங்க" என்கிறாள். நாளைக் காலையில் நீ கார் எடுத்துக்கொண்டு வருவதாக அவளிடம்தான் சொல்லியிருக்கிறாய். என் போனை நீ எடுப்பதில்லை. எடுக்காதது நியாயம்தான், அதற்கு நான் குறை சொல்ல வரவில்லை. நாளைக்குச் சென்னை வரைக்கும் உன் பக்கத்தில் உட்கார்ந்து வரப்போகிறேன். அவ்வளவு தூரமும் ரோட்டைப் பற்றியும் எதிரில் வருகிற லாரிக்காரனைப் பற்றியும் பேசுவேனே தவிர, சொல்லவேண்டியதைச் சொல்லமாட்டேன். எனக்கு என்னைத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

எழுதி முடித்ததும் இதை எங்கள் ரிட்டயர்டு ஆட்களின் வாட்ஸப் குரூப்பிலும் போட்டுவிடுவேன். அதில் பாதிப் பேர் இதய டாக்டரைப் பார்க்கிறவர்கள், மீதிப் பேர் பார்க்கவேண்டியதைத் தள்ளிப்போடுகிறவர்கள். இதய ஆபரேஷனுக்கு நடுநெஞ்சைத் திறப்பதா, ஓரத்தில் சின்னதாகக் கீறுவதா என்று யாராவது வீட்டில் உட்கார்ந்து முழித்துக்கொண்டிருந்தால் படிக்கட்டும். நம் வீட்டு விஷயம் ஊருக்குத் தெரிகிறதே என்று உனக்குக் கூச்சமாக இருந்தால் பொறுத்துக்கொள். ஊரிடம் மறைத்து வைத்ததால்தான் இவ்வளவும் வந்தது.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை போகிற வண்டியில்தான் என் உத்தியோகம் பெரும்பாலும் கழிந்தது. கண்டக்டர் சீட்டில் நான் உட்கார்ந்து நீ பார்த்திருக்கமாட்டாய். அதில் கைப்பிள்ளைக்காரி ஒருத்தி இருப்பாள், இல்லையென்றால் மடியில் சாமை மூட்டையோடு ஒரு பெரியவர் இருப்பார். கோமுகி அணை தாண்டி ஏற்றம் பிடித்ததும் கம்பியைக் காலால் அணைத்துக்கொண்டு டிக்கெட் கிழிப்பேன். ரிட்டயர் ஆன பிறகும் அந்தக் கால் ஓயவில்லை. அப்படிப்பட்டவனுக்கு நம் ஊர் எலவனாசூர்கோட்டை பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தாலே மூச்சு வாங்க ஆரம்பித்தபோது, வாயு என்று சொல்லிக்கொண்டேன். ஓமத் தண்ணீர் குடித்தேன். கடைக்குக் கடை கோலி சோடா உடைத்தேன். நீதான் போனில் கண்டுபிடித்தாய். "இன்னாப்பா, பேச்சு நடுநடுவுல நிக்குது" என்றாய். நடந்துக்கினு பேசறேன் என்றேன். அப்போது நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரமே நீ வந்து என்னைச் சென்னைக்குக் கூட்டிப்போனாய். எக்கோ எடுத்த இடத்தில் படத்தைப் பார்த்த பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் எனக்கு விஷயம் புரிந்துபோனது. அப்புறம் அந்த டாக்டரம்மா. உன் வயதுதான் இருக்கும், ஆனால் உன்னைவிட நிதானமாகப் பேசினாள். "உங்க இதயத்துல இடது பக்கம், மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவுல கதவு மாதிரி ஒரு வால்வு இருக்கு. அதை இழுத்துப் பிடிச்சிருக்கிற மெல்லிசு கயிறு ஒண்ணு அறுந்துபோச்சு. அதனால கதவு சரியா மூடல. முன்னாடி போகவேண்டிய ரத்தம் கொஞ்சம் நுரையீரல் பக்கமே திரும்புது. மாத்திரை குடுத்தா மூச்சு கொஞ்சம் அடங்கும், கதவு ஒட்டாது. ரொம்ப நாள் இப்படியே விட்டா இதயம் பெருசாகித் தளர்ந்துபோகும். அப்புறம் சரி பண்ணினாலும் பழைய பலம் வராது" என்றாள்.

அவள் சொன்ன வழிகளை நீ குறித்துக்கொண்டாய், நான் வெறுமனே தலையாட்டினேன். நெஞ்செலும்பை நடுவில் பிளந்து செய்வது ஒரு வழி. நெடுங்காலமாகச் செய்துவருகிற முறை, எல்லாம் கண் முன்னால் தெரியும், ஆனால் எலும்பு கூட இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவரை கனம் தூக்கக் கூடாது. இன்னொரு வழியில், வலது மார்புக்குக் கீழே இரண்டு விலா எலும்புக்கு நடுவில் சின்னதாகக் கீறி, கேமராவும் நீளமான கருவிகளும் விட்டுச் செய்வார்கள். எலும்பை அறுப்பதில்லை, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். தொடை வழியாகக் குழாய் விட்டுக் கிளிப் போடுவதும் உண்டு, ஆனால் அது ஆபரேஷனைத் தாங்காத உடம்புக்கு, உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்றாள். இதிலெல்லாம் என் காதில் விழுந்தது 'சின்னதாகக் கீறி' என்பது மட்டும்தான். "அப்போ சின்ன ஆபரேஷனே பண்ணிடுங்கம்மா" என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "கீறல்தான் சின்னதுங்கய்யா. ஆபரேஷன் சின்னது இல்ல. ரெண்டுலயும் இதயத்தை நிறுத்தித்தான் உள்ள வேலை பண்ணணும். அதுவரைக்கும் மெஷின்தான் ரத்தத்தை ஓட்டும். சின்னக் கீறல்ல அந்த மெஷினுக்குத் தொடை ரத்தக்குழாய் வழியா குழாய் விடணும். உங்க ரத்தக்குழாய் அதுக்கு ஒத்துவருமான்னு ஸ்கேன் பார்த்துட்டுத்தான் சொல்வேன்."

ஸ்கேன் ஒத்துவந்தது. நான் ஏதோ பரீட்சையில் தேறியவன் மாதிரி ஊருக்குத் திரும்பினேன். மறுநாள் பஸ் ஏறிக் கச்சிராயபாளையம் போய், என் வண்டி டிரைவராக இருந்த ராஜாமணியைப் பார்த்தேன். அவனுக்கு ரத்தக்குழாய் அடைப்புக்கு பைபாஸ் நடந்தது உனக்குத் தெரியும். சட்டையைத் தூக்கிக் காட்டினான். தொண்டைக்குழிக்குக் கீழே தொடங்கி நேராக இறங்குகிற கோடு. "எனக்கு அடைப்புடா, உனக்கு வால்வு. ரெண்டும் ஒண்ணு கெடையாது. எனக்கு இப்டித்தான் பண்ண முடியும்னாங்க, பண்ணிக்கினேன். இருமுனா தலகாணிய நெஞ்சோட கட்டிப் புடிச்சிக்கினு இருமணும், அந்தக் கொஞ்ச நாளுதான் பேஜாரு. இப்போ பாரு, பேரனைத் தூக்கிக்கினு சந்தைக்குப் போறேன்" என்றான். நல்லபடியாகத்தான் சொன்னான். நான் அவன் பேச்சைக் கேட்கவே இல்லை. அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிமலையில் பலாப்பழத்தைக் கத்தி போட்டு இரண்டு கையாலும் விரிப்பார்களே, அதுதான் கண்ணில் நின்றது. 

பயம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாகச் சட்டம் பேசினேன். அடுத்த தடவை டாக்டரம்மா, "சின்னக் கீறல்லதான் ஆரம்பிப்போம். உள்ள ரத்தம் நிக்கல, சரியாத் தெரியல, அப்படி ஏதாவது வந்தா நடுநெஞ்சைத் திறக்க வேண்டிவரலாம்" என்று சொன்னபோது, அது முடியாது என்றேன். சின்னக் கீறல் என்றால் சின்னக் கீறல்தான், வேறு எதற்கும் ஒப்புக்கொள்ளமாட்டேன் என்றேன். மலை வளைவில் எதிரெதிரே இரண்டு வண்டி மாட்டிக்கொண்டால் நான் இறங்கி விசில் அடிப்பேன். ராஜாமணி ஒரு கேள்வி கேட்காமல் பின்னால் எடுப்பான். பக்கத்தில் பள்ளம், அவனுக்குத் தெரிவது பாதிதான். என் விசிலை அப்படி நம்பினவன் அவன். நானோ மயக்கத்தில் படுத்துக்கொண்டும் விசிலைக் கையைவிட்டுக் கொடுக்கமாட்டேன் என்று நின்றேன்.

அத்தோடு விட்டேனா? ஊருக்கு வந்ததும் உன்னை அம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். சூடத்தைக் கொளுத்தி, அதன்மேல் அடித்துச் சத்தியம் செய் என்றேன். என்ன ஆனாலும் அப்பாவின் நெஞ்சைத் திறக்கச் சம்மதிக்கமாட்டேன் என்று சொல்லச் சொன்னேன். நீ கேட்டாய், "உள்ள ஏதாவது ஆச்சுன்னா அப்பவும் வேணாமாப்பா?" வேண்டாம் என்றேன். "அப்போ சாகட்டும்னு நான் சொல்லணுமா?" என்றாய். நான் எரிகிற சூடத்தைக் காட்டினேன். பெற்றவன் செய்கிற காரியமா அது? நீ கண்ணை மூடிக்கொண்டு அடித்தாய். உள்ளங்கை கருத்துப்போனதைத் துடைக்கக்கூடச் செய்யாமல் காரில் ஏறினாய். எனக்கு அன்றைக்கு நிம்மதியாக இருந்தது. என் நிம்மதியை உன் தலையில் இறக்கிவைத்துவிட்டேன் என்பது புத்தியில் ஏறவே இல்லை.

டாக்டரம்மா மறுத்துவிட்டாள். தேவைப்பட்டால் திறக்கலாம் என்ற சம்மதம் முன்கூட்டியே இல்லாமல் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டதாக நீ போனில் சொன்னாய். இருந்தாலும் அட்மிஷனுக்கு நாள் குறித்துவிட்டாய், நேரில் வந்து பேசிக்கொள்ளலாம் என்றாய். பேசினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவள் நிதானமாகச் சொல்வாள், நான் தலையாட்டிவிடுவேன். அந்தச் சமயம் பார்த்து நம் ஊரில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். நம் ஊர் வழக்கத்தைக் குரூப்பில் இருக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டவன் தீமிதி முடிகிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. என்ன அவசரமானாலும் கூடாது. போய்க் கையை நீட்டினேன். பூசாரி வேறு யார், உன் மாமன்தான், உன் அம்மாவின் தம்பி. "இந்த வருஷம் நீங்களும் கட்டிக்கறீங்களா மாமா?" என்று சந்தோஷமாகக் கட்டினான். அவனுக்கு என் நெஞ்சு விஷயம் ஒன்றும் தெரியாது. ஊரில், நம் வீட்டைத் தவிர, யாருக்கும் தெரியாது.

மறுநாள் நீ கார் கொண்டுவந்து நின்றாய். என் கையைப் பார்த்தாய். "இது எதுக்குப்பா இப்போ?" வேண்டுதல் என்றேன். "எப்போ வேண்டிக்கினீங்க?" கையைப் பின்னால் கொண்டுபோனேன். "சாமிக்குக் கட்டினீங்களா, பயத்துக்குக் கட்டினீங்களா?" என்றாய். வாயை மூடு என்று கத்தினேன், கத்தியதிலேயே மூச்சு இரைத்தது. நீ போய்க் கார் கதவைத் திறந்தாய். பிறகு சொன்னாய். "என்னைச் சத்தியத்துல கட்டிப் போட்டுட்டு நீங்க இங்க கயித்துல கட்டிக்கினீங்க. நான் யாருகிட்ட போயி நிக்கறது?" உன் அம்மா தண்ணீர்ச் சொம்போடு வந்தாள், நீ வாங்கவில்லை. கார் கிளம்பிப் போனது. சுகர்மில் டிராக்டர் ஒன்று கரும்போடு குறுக்கே வந்ததால் தெருக்கோடியில் கொஞ்சம் நின்றாய். ஓடிவந்து கூப்பிட்டிருக்கலாம். ஓட மூச்சு இல்லை, கூப்பிட மனசு இல்லை.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் நான் ஒரு இடத்தில் இருந்தால்தானே. எழுந்தால் கால் வீங்கியிருக்கிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது. எல்லை தாண்டாமல் இருந்தால் போதும் என்று கட்டிக்கொண்ட கயிறு, ஊருக்குள்ளேயே என்னை அடைத்துப் போட்டது. சாமி வீதிக்கு வந்த அன்று கூடவே கொஞ்ச தூரம் நடந்துபார்த்தேன். ரேஷன் கடைத் திருப்பத்தில் முடியாமல், ரோட்டோரம் கிடந்த சிமென்ட் குழாய்மேல் உட்கார்ந்துவிட்டேன். மேளக்காரர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். உன் அம்மா வந்து பக்கத்தில் நின்றாள்.  நேராகத் தன் தம்பியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலையில் உன் மாமன் வந்தான். திட்டுவான் என்று நினைத்தேன். என் முன்னால் தரையில் உட்கார்ந்தான். "இன்னா மாமா இது. ஆப்பரேஷன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கட்டியிருப்பனா?" என்றான். கட்டியாச்சு, இனிமேல் இன்னா பண்றது, எல்லையைத் தாண்டக் கூடாதே என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "அம்மா யாரையும் புடிச்சி வெச்சிக்கல மாமா. நீங்கதான் அவ கோயில்ல வந்து ஒளிஞ்சிக்கினு இருக்கீங்க." இத்தனை வயதுக்கு அந்தப் பேச்சு எனக்குத் தேவைதான். கோயிலுக்குக் கூட்டிப்போய் அம்மன் முன்னால் நிறுத்தி அவிழ்த்தான். சூடத்தில் அடித்த சத்தியத்துக்கு என்ன வழி என்றும் கேட்டேன். "வாங்கினவரு நீங்க. நீங்க வுட்டுக் குடுத்தா அவ்ளோதான், அதுக்கு எதுக்கு மந்திரம்" என்றான்.

ஆனால் காப்பு சும்மா அவிழ்வதில்லை. ஒரு வீட்டில் கட்டினது பாதியில் அவிழ்ந்தால் அதே வீட்டில் இன்னொரு கை ஏற்கவேண்டும், அது நம் ஊர் முறை. உன் மாமன் அதைச் சொல்லி முடிப்பதற்குள், கூடவே வந்திருந்த உன் அம்மா கையை நீட்டிவிட்டாள். அவளுக்கு அதன் அர்த்தம் தெரியும். தீமிதி முடிகிற வரைக்கும் அவள் ஊரைவிட்டு வரமுடியாது, அதற்கு முன்பே எனக்கு ஆபரேஷன் ஆகவேண்டும். "இன்னாடி பண்ற, நீ இல்லாம நான் எப்டி அங்க" என்றேன். "செல்வி இருக்கா இல்ல. நான் இங்க கும்புட்டுக்கினு இருக்கறேன், நீங்க போயி உடம்பைக் காட்டிக்கினு வாங்க" என்றாள். குரல் நன்றாகத்தான் இருந்தது. கயிறு ஏறின கையாலேயே என் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆபரேஷன் அறைக்கு வெளியே நீ தனியாக நிற்கப்போகிறாய்.

அன்றைக்கே உன் அம்மா உனக்குப் போன் செய்தாள், நீ அட்மிஷனுக்குப் புது நாள் வாங்கிவிட்டாய். நேற்று டாக்டரம்மாவுக்கு நானே போன் செய்தேன். முதல் தடவையாக, கேட்கவேண்டியதைக் கேட்டேன். குரூப்பில் இருக்கிறவர்களும் இதையெல்லாம் அவரவர் டாக்டரிடம் கேளுங்கள். என் உடம்புக்கு எது ஒத்துவரும், ஏன். இந்தச் சின்னக் கீறல் வேலையை நீங்கள் அடிக்கடி செய்கிறீர்களா. பாதியில் மாற்றவேண்டி வந்தால் என்ன செய்வீர்கள். அவள் எதற்கும் கோபப்படவில்லை. சின்னக் கீறலிலும் விலாப் பக்கம் முதல் சில நாள் நன்றாக வலிக்கும், வலியே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் என்றாள். ரத்தப்போக்கு, பக்கவாதம் மாதிரி ஆபத்துகள் எந்த வழியிலும் உண்டு என்றாள். முடிந்தவரை என் வால்வையே தைத்துச் சரிசெய்வாளாம். முடியாவிட்டால் வேறு வால்வு. உலோகத்தில் வைத்தால் ஆயுசுக்கும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை. விலங்குத் திசுவில் செய்தது என்றால் அந்தக் கட்டுப்பாடு குறைவு, ஆனால் வருஷங்கள் போனால் தேயலாம். என் வயதுக்குத் திசு வால்வே போதும் என்று இரண்டு பேரும் பேசி முடித்தோம். நடுநெஞ்சைத் திறக்கவேண்டி வந்தால் அது தோல்வியா என்று கடைசியாகக் கேட்டேன். "இல்லைங்கய்யா. உங்களை உயிரோட வெளிய அனுப்பறதுதான் வேலை. எந்தப் பக்கமா போனேங்கறது அப்புறம்" என்றாள். எனக்கு இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போது பயப்படுவது எதற்கு என்று தெரிகிறது, அது கொஞ்சம் தேவலாம்.

நீ பின்னால் ஒரு குடும்பக்காரியாகப் பெரிய முடிவுகள் எடுக்கப்போகிறவள், உனக்கு ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். பயம் வந்தால் பயம் என்று வாயைத் திறந்து சொல்லிவிடு. நான் அதைச் சொல்லாமல் ரோஷம் என்றேன், வேண்டுதல் என்றேன், ஒவ்வொரு தடவையும் அது உன்மேல் வந்து விழுந்தது. உன் பிள்ளைகளிடம் சத்தியம் மட்டும் வாங்காதே. அவர்கள் உன்மேல் வைத்திருக்கிற பிரியத்தைப் பிடித்து முறுக்குவதற்குப் பெயர் சத்தியம் இல்லை.

அதனால் செல்வி, நீ அன்றைக்குச் சூடத்தில் அடித்ததை நான் விட்டுக்கொடுத்துவிட்டேன். அது இனி உன்னைக் கட்டாது. தேவைப்பட்டால் நெஞ்சைத் திறக்கலாம் என்று நானே கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன். ஆனால் நான் மயங்கின பிறகு கதவு திறந்து டாக்டர் யாராவது வெளியே வந்தால், அவர்கள் கண் தேடப்போவது உன்னைத்தான். நடுநெஞ்சைத் திறக்கிறோம் என்று சொன்னாலும் சரி, வால்வை மாற்றுகிறோம் என்று சொன்னாலும் சரி, வேறு எது கேட்டாலும் சரி, நீ சரி என்று சொல். அப்பா என்ன நினைப்பாரோ என்று ஒரு நிமிஷமும் யோசிக்காதே. நான் கண் முழித்து நெஞ்சில் நீளமான தையலைப் பார்த்தால் உன்னை ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். நான் முழிக்காமலே போனால், நீ சொன்ன அந்தச் சரியால் போகவில்லை. நோயால் போனேன், நாள் கடத்தியதால் போனேன், உன்னால் போகவில்லை. அதை நீ உன் அம்மாவிடம் வந்து அழுதுகொண்டு விளக்கவேண்டிய அவசியமும் இல்லை. அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு, எதிரில் உட்காரவைத்து, இங்கே எழுதிய இத்தனையையும் இப்போதுதான் அவளிடம் சொன்னேன். அவள் முழுசாகக் கேட்டாள். மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டது ஒன்றுதான்.

"இதை அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

சொல்லிவிட்டேன், பாப்பா.

அப்பா